சாயத்தண்ணி ஏறிய கிணற்றுக்குக் கரி வடிகட்டி வைத்தால் பலன் உண்டா?

கீழ்மடை_விவசாயி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தோட்டம் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே, நொய்யல் ஓரத்தில் இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொன்னாலே பாதிப் பேருக்கு விஷயம் புரிந்துவிடும். 1992-இல் பாசனத்துக்கென்று திறந்த அணை, கொஞ்ச வருஷத்திலேயே திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கும் குட்டையாகி, 'தண்ணியைத் திறந்து விட்டுடாதீங்க' என்று விவசாயிகளே கெஞ்சுகிற நிலைக்கு வந்தது. 2011-இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி, அப்புறம் ஜீரோ டிஸ்சார்ஜ், அதாவது கழிவுத் தண்ணியை வெளியே விடவே கூடாது என்று வந்த பிறகு ஆற்றில் ஓடுவது முன்னைக்குத் தேவலை. ஆனால் நிலத்துக்குள் இறங்கினது இறங்கினதுதான்.

கிணற்றில் மோட்டார் போட்டால் டெலிவரி பைப் வாயில் நுரை கட்டும். மழை பெய்து ஊற்று எடுக்கிற சமயத்தில் தண்ணியில் லேசாக ஒரு சிவப்பு தெரியும், அப்புறம் போய்விடும். வாய்க்கால் ஓரம் வெள்ளை பூத்துக் கிடக்கிறது. தென்னை ஓலையெல்லாம் நுனி கருகுகிறது.

போன வாரம் ஒரு வீடியோ பார்த்தேன். பருத்திமாரை (பஞ்செடுத்த பிறகு நிற்கிற செடித்தண்டை)ச் சுட்டுக் கரியாக்கி, ஒரு குழாயில் நிரப்பி, மேலே அடர்நீலத் தண்ணியை ஊற்றுகிறார்கள், கீழே கண்ணாடி மாதிரி தண்ணி வருகிறது. பயோசார், உயிர்க்கரி என்று என்னென்னவோ சொன்னார்கள். எங்களிடம் பருத்திமார் இருக்கிறது, ஆற்றுக்குள் சீமைக்கருவேலம் காடாக நிற்கிறது, காங்கயம் பக்கத்தில் இருப்பதால் தேங்காய்த் தொட்டிக்கு, அதாவது சிரட்டைக்கு, அலையவே வேண்டாம். ஒரு பெரிய தொட்டி கட்டிக் கரி நிரப்பி, கிணற்றுத் தண்ணியை அதன் வழியாக விட்டுத் தோட்டத்துக்குப் பாய்ச்சலாமா? மாட்டுக்கும் அதையே காட்டலாமா? செலவு பண்ணுவதற்கு முன்னால் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டறை_கெமிஸ்ட்

அண்ணா, நான் சாயப்பட்டறை பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் லேப் பார்த்தவன், அதனால் பட்டென்று சொல்லிவிடுகிறேன். கரி நிறத்தை எடுக்கும், நாற்றத்தை எடுக்கும், ஈயம், காட்மியம், செம்பு மாதிரி சில உலோகங்களைப் பிடிக்கும், பூச்சிமருந்து எச்சத்தையும் ஓரளவு பிடிக்கும். உப்பை எடுக்காது. உங்கள் தென்னை கருகுவது நிறத்தால் இல்லை, உப்பால்.

அந்த வீடியோவில் ஊற்றிய நீலம் அநேகமாக மெத்திலீன் ப்ளூவாக இருக்கும். இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு அது செல்லப்பிள்ளை. காரணம் இருக்கிறது. மெத்திலீன் ப்ளூ தண்ணியில் கரைந்தால் நேர் மின்சுமையோடு நிற்கும், தாவரக் கழிவில் செய்த கரியின் மேற்பரப்பு பொதுவாக எதிர் மின்சுமை. போட்டதும் ஒட்டிக்கொள்ளும். 95 சதவீதம், 98 சதவீதம் என்று எண் வருவதில் ஆச்சரியமே இல்லை. ஆனால் திருப்பூரில் பருத்திப் பனியனுக்குப் போடுவது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம். அதில் சல்போனேட் தொகுதிகள் இருப்பதால் அதுவும் எதிர் மின்சுமை. சாதாரணக் கரி அதைத் தள்ளிவிடத்தான் பார்க்கும். தண்ணியைப் புளிப்பாக்கினால், அதாவது பி.எச். 2, 3-க்குக் கொண்டுபோனால் நன்றாக எடுக்கும், அப்படித்தான் பல ஆய்வுக் கட்டுரைகளில் எண் காட்டுகிறார்கள். கிணற்றுத் தண்ணி பி.எச். 8-இல் இருக்கும்போது உங்கள் தோட்டத்தில் யார் ஆசிட் ஊற்றி இறக்குவது, அப்புறம் யார் சுண்ணாம்பு போட்டு ஏற்றுவது?

இன்னொன்று. ரியாக்டிவ் சாயம் துணியில் ஏற வேண்டுமென்றால் சாயத்தொட்டியில் லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை உப்பு போடுவார்கள், கிளாபர் சால்ட் அல்லது சாதா உப்பு, கூடவே சோடா ஆஷ். சாயத்தில் பெரும்பங்கு துணியோடு போய்விடும். உப்பு ஒரு கிராம் கூடத் துணியில் தங்காது, மொத்தமும் கழிவுத் தண்ணியில்தான். அந்தக் காலத்தில் ஆற்றில் விட்டது அதைத்தான். நிறத்தைப் பார்த்து எல்லோரும் பயந்தார்கள், நிலத்தைக் கெடுத்தது நிறமில்லாத சரக்கு.

முதலில் தண்ணியைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். பாசனத்துக்கு என்றால் வேளாண்மைத் துறை மண்-நீர் ஆய்வகம், குடிக்க என்றால் குடிநீர் வடிகால் வாரிய லேப். இ.சி. (தண்ணியில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துதிறன்), பி.எச்., குளோரைடு, சோடியம், கால்சியம், மெக்னீசியம், இவ்வளவும் கட்டாயம் கேளுங்கள். உலோகம் பார்க்கத் தனியாகச் சொல்ல வேண்டும், தானாகப் பார்க்க மாட்டார்கள்.

மூட்டக்காரன்

ராமநாதபுரம் மாவட்டம். மூன்று தலைமுறையாகச் சீமைக்கருவேல மூட்டம் போடுகிற, அதாவது விறகை அடுக்கி மூடிக் கரி சுடுகிற குடும்பம். கெமிஸ்ட்ரி எனக்குத் தெரியாது, கரி தெரியும், அதனால் அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

பருத்திமாரும் தட்டையும் கரியானால் கைபட்டாலே பொடியாகும். குழாயில் நிரப்பினால் நாலு நாளில் அடைத்துக்கொண்டு தண்ணி இறங்காது. வடிகட்ட வேண்டுமென்றால் கெட்டிக் கரிதான் வேண்டும். அதற்குத் தேங்காய்த் தொட்டியை மிஞ்சியது இல்லை, அதற்கு அடுத்து வேலிக்கருவை, அதாவது சீமைக்கருவேலம். நாங்கள் மூட்டம் போட்டால் முதலில் வெள்ளைப் புகை கனமாக வரும், அது ஈரம். அப்புறம் மஞ்சளடித்துக் கண்ணெரியும் புகை, அது தார். கடைசியில் மெல்லிசாக நீலம் ஓடும். நீலம் வராமல் மூடினால் கரி கருப்பாகத்தான் இருக்கும், ஆனால் உள்ளே தார் நிற்கும். அந்தக் கரியைத் தண்ணியில் போட்டால் மேலே எண்ணெய்ப் படலம் மாதிரி மிதக்கும். ஒரு துண்டை எடுத்து இன்னொன்றின் மேல் தட்டிப் பாருங்கள். வெந்த கரி ஓட்டுச்சில்லு மாதிரி கிண்ணென்று சத்தம் போடும், வேகாதது மொத்தென்று கேட்கும். விரலில் தேய்த்தால் வெந்தது தண்ணியிலேயே கழுவினால் போகும், வேகாததற்குச் சோப்பு வேண்டும்.

சின்ன அளவில் செய்து பார்க்கிறவர்களுக்கு 200 லிட்டர் டிரம் போதும். அடியில் ஓட்டை, மேலிருந்து பற்றவைக்க வேண்டும், தீ மேலிருந்து கீழே இறங்கும், புகை அந்தத் தீக்குள்ளேயே எரிந்துவிடும். முடிந்ததும் ஓட்டைகளை மண்ணால் அடைத்து மூடியைப் போட்டு இறுக்க வேண்டும். தண்ணி ஊற்றி அணைக்காதீர்கள், அந்தக் கருப்புத் தண்ணி எங்கே போகும்? உங்கள் பக்கத்திலேயே தொட்டிக்கரி சுடுகிற இடங்களில் அந்தத் தண்ணி இறங்கித்தான் கிணறு கெட்டது என்று விவசாயிகள் மறியல் பண்ணினது ஞாபகம் இருக்கும். தண்ணியைச் சுத்தம் பண்ணுகிற கரியைச் சுடப்போய்த் தண்ணியைக் கெடுத்த கதை அது.

ஊமல்கரி

வணக்கம், யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். எங்கட பக்கம் பனங்கொட்டை ஊமலைச் சுட்டுக் கரியாக்கி அடுப்புக்குப் பாவிப்பினம், நல்ல கெட்டியான கரி. எங்களுக்கு இரண்டு பிரச்சினை. சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில கழிவு எண்ணெய் கலந்து 2014, 2015 அளவில பெரிய பிரச்சினையாகப் போனது எல்லாருக்கும் தெரியும். அது ஒண்டு. மற்றது, தோட்டத்துக்குப் போடுற யூரியாவால கிணறுகளில நைத்திரேற்று கூட. சுண்ணாம்புக்கல் நிலம், மேல போட்டது நேர கீழ போகுது. ஊமல் கரி இந்த இரண்டுக்கும் சரி வருமோ?

பட்டறை_கெமிஸ்ட்

எண்ணெய்க்குச் சரிவரும், நைட்ரேட்டுக்கு வராது. எண்ணெய் தண்ணியை வெறுக்கிற சரக்கு, நல்ல சூட்டில் சுட்ட கரியும் அதே குணம், இரண்டும் சேர்ந்துகொள்ளும். ஆனால் படலமாக மிதக்கிற எண்ணெயை முதலில் வழித்து எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் கரி ஒரே நாளில் செத்துவிடும். கரைந்து நிற்கிற மிச்சத்துக்குத்தான் கரி. குடிக்கலாமா என்பதை லேப்தான் சொல்ல வேண்டும், மூக்கு சொல்லக்கூடாது.

நைட்ரேட் எதிர் மின்சுமை, அதுவும் தண்ணியில் உல்லாசமாகக் கரைந்து நிற்கிற ஆள். கரி அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. புளோரைடும் அப்படித்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் இதைக் கேட்டு எனக்குத் தனியாக எழுதுகிறார்கள். மரக்கரி புளோரைடை எடுக்காது, எலும்புக்கரி எடுக்கும், ஏனென்றால் அங்கே வேலை செய்வது கரி இல்லை, எலும்பில் உள்ள கால்சியம் பாஸ்பேட். ஆர்செனிக்குக்கு இரும்பு ஏற்றின கரி வேண்டும். ஆக ஒவ்வொரு சரக்குக்கும் ஒவ்வொரு கரி. 'பயோசார் எல்லாவற்றையும் எடுக்கும்' என்று யாராவது மூட்டை விற்றால் வாங்காதீர்கள்.

பாலாற்றங்கரை

அப்படியென்றால் குரோமியம்? நான் வாணியம்பாடி. தோல் தொழிற்சாலைத் தண்ணி பற்றித்தான் கேட்கிறேன்.

பட்டறை_கெமிஸ்ட்

எந்தக் குரோமியம் என்று கேட்க வேண்டும். தோல் பதனிடப் போடுவது மூன்றாம் நிலைக் குரோமியம். அது கொஞ்சம் காரத்திலேயே வீழ்படிவாக அடியில் இறங்கிவிடும், கரிக்குப் பெரிய வேலை இல்லை. கொடியது ஆறாம் நிலை, ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலைக்குப் பின்னால் லட்சம் டன்னுக்கு மேல் குவித்துவைத்திருக்கிறார்களே, அதிலிருந்து கசிவது, மஞ்சளாக. அதைக் கரி எடுக்கும், அதிலும் சுவாரசியமாக எடுக்கும். வெறுமனே ஒட்டவைப்பதோடு நிற்காமல், கரியே தன்னிடமிருக்கும் எலக்ட்ரானைக் கொடுத்து ஆறை மூன்றாக்கி, அப்புறம் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆனால் இதற்கும் புளிப்புத் தண்ணி வேண்டும். பி.எச். 7, 8-இல் மிக மெதுவாக நடக்கும். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது நம்முடைய தர அளவு. வீட்டில் டிரம் வைத்து அந்த அளவுக்கு இறக்கிவிட்டேன் என்று யாரும் நம்பிவிடக்கூடாது.

கீழ்மடை_விவசாயி

ரிப்போர்ட் வந்துவிட்டது. பி.எச். 8.1, இ.சி. 4.6, டி.டி.எஸ். (கரைந்திருக்கிற மொத்த உப்பு) சுமார் 2,950, குளோரைடு 1,180, கடினத்தன்மை 1,100, இந்த மூன்றும் லிட்டருக்கு மில்லிகிராமில். உலோகம் தனியாகக் கொடுத்திருக்கிறேன், இன்னும் வரவில்லை.

இடையில் சும்மா இருக்க முடியாமல் ஒரு பிளாஸ்டிக் குடத்தில் ஓட்டை போட்டுத் தொட்டிக்கரியைச் சில்லாக உடைத்து நிரப்பி, கிணற்றுத் தண்ணியை விட்டுப் பார்த்தேன். நுரை நின்றுவிட்டது, தண்ணியில் இருந்த மருந்து வாடையும் இல்லை. பார்க்கப் பளிச்சென்றுதான் இருக்கிறது. ஆனால் பக்கத்துத் தோட்டத்துத் தம்பியின் டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்தால் முன்னைவிடக் கூடுதலாகக் காட்டுகிறது! மீட்டர் கோளாறா?

பட்டறை_கெமிஸ்ட்

மீட்டர் சரிதான் அண்ணா. புதுக் கரியில் சாம்பல் இருக்கும், சாம்பலில் பொட்டாசியமும் கார்பனேட்டும். அது கரைந்து வருகிறது, பி.எச்.-சும் ஏறியிருக்கும். நன்றாக அலசி, இரண்டு நாள் ஊறவைத்துக் கொட்டினால் பழைய எண்ணுக்கு வரும். அதற்குக் கீழே போகாது.

சந்தேகமிருந்தால் அம்மாவிடம் சொல்லி ஒரு லிட்டர் கிணற்றுத் தண்ணியை எவர்சில்வர் சட்டியில் சுண்டக் காய்ச்சச் சொல்லுங்கள். இன்னொரு சட்டியில் கரி வழியாக வந்த ஒரு லிட்டர். இரண்டிலும் அடியில் வெள்ளையாக ஏறக்குறைய மூன்று கிராம் நிற்கும். ஆயிரம் லிட்டருக்கு மூன்று கிலோ. ஒரு நாளைக்கு நீங்கள் 50,000 லிட்டர் பாய்ச்சினால் 150 கிலோ உப்பைத் தோட்டத்தில் இறைக்கிறீர்கள் என்று அர்த்தம். இதைப் பிடித்துவைக்கிற கரியே கிடையாது. இதற்கு ஆர்.ஓ. மாதிரி உப்பைப் பிரிக்கிற முறைதான் வழி, பாசனத்துக்கு அது கட்டுப்படியாகாது, கழித்துவிடுகிற உப்புத்தண்ணியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அடுத்த தலைவலி.

எதிர்க்கேள்வி

இத்தனை நேரம் பேசியும் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். சாயத்தையும் ஈயத்தையும் பிடித்த கரியை அப்புறம் என்ன செய்வீர்கள்? தோட்டத்தில்தானே கொட்டுவீர்கள், 'கரி மண்ணுக்கு நல்லது' என்று வேறு சொல்லிக்கொள்வீர்கள். ஆற்றிலிருந்து எடுத்து வயலில் போடுவதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? அடுப்பில் எரித்தாலும் உலோகம் சாம்பலில் நிற்கும். இந்த மாதிரி வீடியோ எதுவும் குழாய் நிரம்பின பிறகு என்ன நடக்கிறது என்று காட்டுவதே இல்லை.

பட்டறை_கெமிஸ்ட்

நியாயமான கேள்வி. உலோகம் பிடித்த கரியை வயலில் கொட்டவே கூடாது. தொழிற்சாலையாக இருந்தால் அது அபாயகரக் கழிவு, கும்மிடிப்பூண்டியில் அதைப் புதைப்பதற்கென்றே இடம் இருக்கிறது, அங்கே அனுப்ப வேண்டும். உலோகம் இல்லாமல் பூச்சிமருந்து வாடை, சோப்பு நுரை மட்டும் என்றால் கரியைத் திரும்பக் காற்றில்லாமல் சூடேற்றி மறுபடி பயன்படுத்தலாம், கொஞ்சம் திறன் குறையும். அதனால்தான் உலோக ரிப்போர்ட் வருகிற வரைக்கும் பொறுங்கள் என்கிறேன்.

இதற்காகக் கரியையே ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கடையில் விற்கிற ஆக்டிவேட்டட் கார்பன் இதே தொட்டிக்கரிதான். 900 டிகிரி சூட்டில் நீராவி ஏற்றி உள்ளே துளைகளைப் பெருக்கியிருப்பார்கள். கிராமுக்கு ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்குப் பரப்பு வரும், நம் டிரம் கரியில் அதில் நாலில் ஒரு பங்கு தேறினாலே பெரிது. திறன் குறைவு, விலையும் குறைவு, அளவைக் கூட்டிப் போட்டுச் சமாளிக்கலாம். சமையலறை, குளியலறைத் தண்ணிக்கு, நாற்றமடிக்கிற தண்ணிக்கு, இதெல்லாம் கைகொடுக்கும்.

மூட்டக்காரன்

எதிர்க்கேள்வி தம்பி கேட்டது சரி. எங்கள் ஊரிலும் இரண்டு பேர் 'பயோசார் கம்பெனி' என்று வந்து விலை பேசினார்கள். அதே கரி, பெயர் மாறினதும் கிலோவுக்கு மூன்று மடங்கு சொல்கிறார்கள். எங்களிடம் வாங்குகிற விலை மட்டும் மாறவில்லை.

கீழ்மடை_விவசாயி

இரண்டு சட்டியையும் காய்ச்சியாயிற்று. கெமிஸ்ட் தம்பி சொன்ன மாதிரியே இரண்டின் அடியிலும் ஒரே அளவு பொருக்கு. அம்மா கரண்டியால் சுரண்டி எடுத்து 'இதையா இத்தனை வருஷமா தென்னைக்கு ஊத்தறோம்' என்றார். வீடியோவில் பார்த்ததைவிட இது தெளிவாகப் புரிந்தது.

உலோக ரிப்போர்ட்டும் வந்தது. ஈயம், காட்மியம், குரோமியம் மூன்றும் அளவுக்குள். அப்படியானால் இரண்டு கேள்விதான் பாக்கி. மாட்டுக்கு இந்தத் தண்ணி காட்டலாமா? தோட்டத்துக்கு வேறு என்ன செய்யலாம்?

பட்டறை_கெமிஸ்ட்

மாட்டுக்கு இ.சி. 5 வரைக்கும் பரவாயில்லை என்பது உலக உணவு வேளாண் அமைப்பின் கணக்கு, உங்களுடையது 4.6. காங்கயம் மாடு இதைவிடக் கடினமானதையெல்லாம் பார்த்தது. கன்றுக்கும் கறவைக்கும் மழைத்தண்ணி கலந்து கொடுங்கள். நுரையும் வாடையும் போக வேண்டுமென்றால் தண்ணித்தொட்டிக்கு முன்னால் மட்டும் ஒரு கரி டிரம் வையுங்கள், அதற்கு அர்த்தம் உண்டு. கரி பயறு அளவிலிருந்து பட்டாணி அளவுக்குள் சலித்திருக்க வேண்டும், தூள் கூடாது. அடியில் ஜல்லி, மேலே கரி, அதற்கு மேல் ஒரு சாண் மணல். தண்ணி கரிக்குள் கால் மணி நேரமாவது இருந்து வர வேண்டும். அதாவது 50 லிட்டர் கரி போட்டால் மணிக்கு 200 லிட்டருக்கு மேல் விடாதீர்கள். மோட்டாரை நேரே இணைத்தால் கரி இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று. வாடை திரும்ப வந்தால் கரியை மாற்ற வேண்டிய நேரம். கிருமியை இது கொல்லாது, காயவிட்டு மறுபடி தண்ணி விட்டால் உள்ளேயே பெருகும், அதனால் வீட்டில் குடிக்க வேண்டாம்.

தோட்டத்துக்கு, பண்ணைக்குட்டை வெட்டி மழைத்தண்ணியைப் பிடித்துக் கிணற்றோடு கலந்து பாய்ச்சுவதுதான் உருப்படியான வழி. சோடியம் கூடுதலாக இருந்தால் ஜிப்சம். எவ்வளவு போட வேண்டும் என்பதை மண் ரிப்போர்ட்டோடு வேளாண் பல்கலைக்கழகக்காரர்களிடம் கேளுங்கள், குத்துமதிப்பாக அள்ளிப் போடாதீர்கள். உங்கள் தண்ணியின் பி.எச். ஏற்கெனவே 8.1, அதனால் கரியை உரம் என்று நினைத்து மண்ணில் கொட்டவும் வேண்டாம், அது இன்னும் காரமாக்கும். புளித்த மண் இருக்கிற மலைப்பக்கத்துக்காரர்களுக்கு அது நல்லது.

பாலாற்றங்கரை

கொறங்காடாகவே (மழையை நம்பிய மேய்ச்சல் நிலமாகவே) விட்டுக் கொழுக்கட்டைப் புல்லை வளர்த்து மாட்டை மேய்த்தால் என்ன என்று தோன்றுகிறது. அதற்குக் கிணறே வேண்டாமே.

கீழ்மடை_விவசாயி

பாதி நிலத்தை அப்படித்தான் விட்டிருக்கிறோம். மீதிப் பாதியில்தான் தென்னை. சரி, பெரிய தொட்டி கட்டுகிற யோசனையைக் கைவிட்டாயிற்று, அந்தக் காசு பண்ணைக்குட்டைக்குப் போகிறது. மாட்டுத்தொட்டிக்கு ஒரு டிரம் மட்டும் செய்யப்போகிறேன். மூட்டக்கார அண்ணே, தொட்டிக்கரியை இங்கேயே வாங்கிக்கொள்கிறேன், ஆனால் வெந்ததா வேகாததா என்று மூட்டையைப் பிரிக்காமல் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

மூட்டக்காரன்

பிரிக்காமல் முடியாது. ஒரு மூட்டைக்குக் காசு கொடுத்து நடுவிலிருந்து நாலு சில்லு எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு மீதியை எடையில் ஏற்றச் சொல்லுங்கள். தட்டவிடாத வியாபாரியிடம் வாங்காதீர்கள். ஈரம் பார்த்துக்கொள்ளுங்கள், எடைக்காகத் தண்ணி தெளித்திருப்பார்கள்.